சுவருக்குள் மறையும் வால்வு



திருப்பெரும்புதூரை இராமாநுசர் பிறந்த ஊர் என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். 1998-இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, தொழிற்சாலைகளின் ஊர் என்ற பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. வல்லம் வடகால், ஒரகடம் என்று ஆலைகள் தொடர்ந்தன. அவற்றை ஒட்டி வீடுகளும் விடுதிகளும் எழுந்தன. கிணற்றடியில் குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஷவரின் கீழ் நின்று குளிக்கிறார்கள். பழைய குளியலறையை இடித்துப் புதுப்பிக்கும் வேலை பல வீடுகளில் நடைபெறுகிறது. அவ்வேலையில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். அது ஷவரின் வால்வு. வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து மேலே அனுப்பும் கருவி அது. சுவருக்குள் பதிக்கும் வகையைக் கடைக்காரர் 'டைவர்ட்டர்' என்பார்.

இது வானொலியில் பேசத்தக்க பொருளா என்று நீங்கள் கேட்கலாம். சாயம் பிடிக்கவில்லையென்றால் வேறு சாயம் பூசலாம். வாளி உடைந்தால் வேறு வாளி வாங்கலாம். வால்வோ சுவருக்குள் புதைந்து, அதன்மேல் ஓடு ஒட்டப்பட்டுவிடும். தவறானதைப் பதித்துவிட்டால் சுவரை உடைத்தே மாற்ற வேண்டும். அது மட்டுமன்று, குளிப்பவர் மேல் கொதிநீர் பாயாமல் காப்பதும் அதுவே. ஆகவே அதனை ஆராய்ந்து தேர்வது அறிவுடைமையாகும். அதற்கு வேண்டிய அறிவியலை நீங்கள் பள்ளியிலேயே கற்றிருக்கிறீர்கள்.

தேர்வைக் கடையில் தொடங்காதீர்கள். மொட்டை மாடியில் தொடங்குங்கள். அங்கேயுள்ள தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது? 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். நம் வீடுகளில் அவ்வுயரம் பெரும்பாலும் 3 மீட்டரே இருக்கும். அப்படியாயின் அழுத்தம் 0.3 பார்தான். நீண்ட குழாயும் பல வளைவுகளும் அதிலும் ஒரு பகுதியை உண்டுவிடும். விலையுயர்ந்த வால்வுகள் சில, 1 பாருக்கு மேல் அழுத்தம் இருந்தால்தான் செவ்வனே இயங்கும். அத்தகையதை வாங்கி மாட்டிவிட்டு, நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறதே என்று கடைக்காரரை நொந்து பயனென்ன? 'இதற்கு வேண்டிய குறைந்த அழுத்தம் எவ்வளவு?' என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. கைப்பிடியின் அழகு பிறகு பார்க்கத்தக்கது.

இரண்டாவது, வெப்பம். ஒருவர் குளித்துக்கொண்டிருக்கிறார். அதே வேளையில் அடுக்களையில் ஒருவர் தண்ணீர்க் குழாயைத் திறக்கிறார். குளியலறைக்கு வரும் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று குறைகிறது. வெந்நீரின் பங்கு மிகுகிறது. கீசரில் நீர் 60 பாகை செல்சியசில் இருந்தால், தோல் வெந்துபோகச் சில நொடிகளே போதும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. முதியவரோ விரைந்து விலக மாட்டார்.

இவ்விடரைத் தடுக்க இருவகை வால்வுகள் உண்டு. ஒன்று, அழுத்தத்தைச் சமன் செய்வது. அதனுள் ஒரு சிறு தண்டு இருபுற நீருக்கும் நடுவே நகரும். ஒருபுறம் அழுத்தம் குறைந்தால் மறுபுற வழியையும் அது சுருக்கிவிடும். மற்றொன்று தெர்மோஸ்டாட் வால்வு. அதனுள் இருக்கும் மெழுகு சூடேறினால் விரிந்து, வெந்நீர் வழியை அடைக்கும். இவ்வகையில் பலவற்றில் 38 பாகையில் ஒரு தடை இருக்கும். பொத்தானை அழுத்தினால் அன்றி அதற்கு மேல் கைப்பிடி திரும்பாது. முதியவரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இவற்றுள் ஒன்றுக்குச் செலவிடும் பணம் வீண்செலவன்று. ஆனால் இவை நன்கு இயங்க, இருபுற அழுத்தமும் பெரிதும் வேறுபடாதிருத்தல் வேண்டும். பம்பைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பொருத்துவது தவறு. வெந்நீர்க் குழாய்க்கும் அதன் பயன் சேர வேண்டும்.

மூன்றாவது, நீரின் குணம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீராக இருக்கிறது. அதனைச் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு, கார்பனேட்டாக மாறி வெள்ளைப் படிவாகத் தங்கும். கீசரில் காணும் அப்படிவு வால்வின் நுண்ணிய வழிகளிலும் சேரும். குடிநீர்க் கடினத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகக் கூறும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை பொறுக்கலாம் என்கிறது. உங்கள் வீட்டு நீரைச் சோதித்து அறியுங்கள். கடினம் மிகுந்தால், உட்பகுதியை முன்புறமாகவே கழற்றித் துடைக்கவும் மாற்றவும் இயலும் வால்வையே வாங்க வேண்டும். நீர் நுழையும் வாயில்களில் வலைச் சல்லடையும், மூடிவைக்கத் தனித் திருகுகளும் இருத்தல் நன்று.

இனி, நீரின் அளவு. நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் குளித்தால் 150 லிட்டர் செலவாகும். பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் திட்டமிடப்படும் அளவே 135 லிட்டர்தான்! நிமிடத்துக்கு 8 லிட்டர் தரும் ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 40 லிட்டர் போதும்.

இக்கணக்கின் பொருளை இவ்வட்டாரத்தார் நன்கு உணர்வர். 364.5 கோடி கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி 2015-இல் நிரம்பி வழிந்தது. 2019 கோடையில் வறண்டு வெடித்தது. அதே 2019-இல் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை மக்கள் குளித்தும் துவைத்தும் விட்ட நீரே அங்கே தெளிவிக்கப்பட்டு, குழாய் வழியே திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வருகிறது. கழிவுநீரையும் காசு கொடுத்து வாங்கும் இடத்தில் நன்னீரின் அருமையை வேறு யார் சொல்ல வேண்டும்? வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. அங்கே ஒருவர் நாளொன்றுக்கு 10 லிட்டர் மிச்சப்படுத்தினால், மொத்தம் எவ்வளவு? 1,87,200 லிட்டர்! ஆயிரக்கணக்கான குளியலறைகளுக்குப் பொருள் வாங்கும் பொறியாளர், ஒரே முடிவால் ஒரு சிற்றூரின் தேவையையே காக்க முடியும். உங்களுள் சிலர் நாளை அப்பொறியாளராக அமர்வீர்கள்.

இறுதியாக ஒரு சொல். வால்வின் வெளித்தகடு பளபளக்கும். உள்ளிருக்கும் பித்தளை உடலே ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆதலின் கனத்தையும், தர முத்திரையையும், மாற்று உறுப்புகள் நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். ஓடு ஒட்டுமுன் நீரேற்றி, அழுத்தம் கொடுத்து, கசிவில்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். குழாய்கள் செல்லும் வழியைப் படமெடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

இன்று மாலையே ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டு ஷவரில் ஒரு நிமிடத்தில் விழும் நீரை அளந்து குறித்து வையுங்கள். பெற்றோர் கடைக்குப் புறப்படும்போது அந்தக் குறிப்பை அவர்கள் கையில் கொடுங்கள்.