தடயவியல் துறைக்குப் போக விரும்பும் தம்பி தங்கைகளுக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"தடயவியல் வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?" என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். அளவுக் கருவிகளோடு பழகும் எஞ்சினீயர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

இது நமக்குப் புதிய துறையல்ல. 1849-லேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் இருந்தது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த தடயங்களை ஆராய்ந்து, வெடித்தது மனித வெடிகுண்டு என்று காட்டியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் டாக்டர் பி. சந்திரசேகரன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை அமல்படுத்த ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. ஆகவே ஆள் தேவை கூடும்.

ஆனால் டி.வி. தொடரைப் பார்த்துவிட்டு பட்டத்தின் பெயரில் மயங்கிவிடாதீர்கள். விஷம், போதைப்பொருள் என்றால் வேதியியல். இரத்தம், டி.என்.ஏ. என்றால் உயிரியல். துப்பாக்கி, தோட்டா என்றால் இயற்பியல். செல்போன், கம்ப்யூட்டர் என்றால் கணினி. இதில் ஒன்றை இளங்கலையில் ஆழமாகப் படியுங்கள். தடயவியலை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். குஜராத்தில் 2009-ல் தொடங்கிய தடயவியல் பல்கலைக்கழகம் 2020-ல் தேசியப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. எங்கே சேர்வதானாலும், அரசு வேலை அறிவிப்புகளில் எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டுச் சேருங்கள். மூன்று வருஷம் படித்தபிறகு "தகுதியில்லை" என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

புள்ளியியலை மட்டும் யாரும் ஒதுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். ஒரு டிரைவருக்கு ரீடிங் 31 என்று வருகிறது. பரிசோதனையில் 2 மி.கி. முன்னே பின்னே இருக்கலாம் என்றால் உண்மை அளவு 29 ஆகவும் இருக்கலாம் அல்லவா? அந்த இரண்டு மில்லிகிராமில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. 31 என்று மட்டும் எழுதுகிறவர் பாதி உண்மையைத்தான் எழுதுகிறார்.

அடுத்தது ரெக்கார்டு நோட்டு. "விடை வரலை மச்சி, உன் ரீடிங்கைக் கொடு" என்று லேபில் கேட்கிறோமே, அந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள். வராத விடையையும் வந்தபடியே தேதி போட்டு எழுதுங்கள். நாளைக்குச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, சீல் உடையாமல் வந்ததா, யார் வாங்கினார், யார் பிரித்தார் என்று வக்கீல் குடைவார். அங்கே நினைவு உதவாது. எழுதி வைத்ததுதான் உதவும். நீதிபதிக்குப் புரியும்படி எளிய தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கவும் இப்போதே பழகுங்கள்.

போலீஸ் சார்பிலோ எதிரி சார்பிலோ நிற்பது உங்கள் வேலை அல்ல. பொருள் சொல்வதைச் சொல்வதுதான் வேலை. அதற்கான பயிற்சிக்கூடம் நம் கல்லூரி லேபிலேயே இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.