ஈன்றது எத்தனை, தேறியது எத்தனை

பன்றி வளர்ப்பவரைக் கண்டால் பலரும் முதலில் கேட்பது, "ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி?" என்பதுதான். பால் மறந்து தாயை விட்டுப் பிரியும் நாளில் எத்தனை குட்டி நடமாடுகிறது, என்ன எடை இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அவருடைய வருமானம் புரியும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பன்றிகள் சுமார் 90 லட்சம். ஏறத்தாழ பாதி வடகிழக்கு மாநிலங்களில். அசாமில் மட்டும் 21 லட்சம். அங்கே பல வீடுகளின் பின்புறம் சிறு கொட்டிலில் நிற்கும் இரண்டு மூன்று பன்றிகள்தான் அந்தக் குடும்பத்தின் அவசரத் தேவைக்கான கையிருப்பு. தீனி, தவிடும் சமையல் மிச்சமும் கீரைத் தழையும். நாட்டுப்பன்றி இதைத் தின்று தாக்குப்பிடிக்கும். ஆனால் மெல்லத்தான் வளரும். ஹாம்ப்ஷயர் போன்ற சீமைப்பன்றி வேகமாக வளரும். நல்ல தீவனமும் நல்ல கொட்டகையும் கேட்கும்.

நாட்டுப்பன்றியின் தாக்குப்பிடிக்கும் திறனும் சீமைப்பன்றியின் வேகமும் ஒரே குட்டியில் கிடைக்கத்தான் இரண்டையும் இனக்கலப்பு செய்கிறார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளரும் வேகம் பெற்றோரிடமிருந்து குட்டிக்கு ஓரளவு உறுதியாக இறங்கும். ஈத்தின் அளவு அப்படி இறங்காது. அதில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். நிறைய ஈன்றவளின் மகளையே பொறுக்கி வளர்த்தாலும் முன்னேற்றம் தெரிய நெடுங்காலம் ஆகும். இந்த மாதிரிக் குணங்களில்தான் கலப்பின வீரியம், அதாவது கலப்புக் குட்டி பெற்றோரின் சராசரியை மிஞ்சும் தன்மை, நன்றாக வேலை செய்கிறது.

கௌகாத்திக்கு அருகே ராணி என்ற ஊரில் இருக்கிறது தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம். வடவங்கத்துக் குங்ரூ என்ற கறுப்பு நாட்டுப்பன்றியை அந்த மையத்தார் தேர்ந்தெடுத்தார்கள். தொங்கும் பெரிய காது, சாதுவான குணம், நாட்டினங்களில் நிறையக் குட்டி போடுவதில் பெயர் பெற்றது. அதனோடு ஹாம்ப்ஷயரைச் சேர்த்துப் பிறந்த கலப்பினத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள்: ராணி. பிறகு ராணிப் பெட்டையோடு டூராக் என்ற சீமை இனக் கிடாவைச் சேர்த்து 'ஆஷா'வை உருவாக்கினார்கள். இந்த இரண்டாவது படியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குட்டிக்கு மட்டுமல்ல, இங்கே தாய்க்கே கலப்பின வீரியம் இருக்கிறது. சினை தங்குவதும், பால் சுரப்பதும், குட்டியைப் பேணுவதும் தாயின் காரியங்கள் அல்லவா?

வளர்ப்பவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். முதல் தலைமுறைக் கலப்பு நன்றாக வந்ததும், அந்த ஈத்திலேயே ஒரு கிடாவை நிறுத்தி அதன் உடன்பிறந்த பெட்டைகளோடு சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. கலப்பினத்தைக் கலப்பினத்தோடு சேர்த்தாலே அடுத்த தலைமுறையில் வீரியம் பாதியாகும். நெருங்கிய உறவு வேறு சேர்ந்தால் நலிந்த குட்டிகள் கூடும். கிடாவை வெளியிலிருந்து வாங்குங்கள், அல்லது செயற்கைமுறைக் கருவூட்டலுக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

114 நாள் சினைக்குப் பின் பிறக்கும் குட்டி ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். முதல் மூன்று நாளில்தான் சாவு அதிகம்: குளிர், பசி, தாய் மேலே படுத்துவிடுவது. படுக்கையில் வைக்கோல் போடுங்கள், குட்டிகளுக்கு மட்டும் சூடு கிடைக்கத் தனி மூலை ஒதுக்குங்கள், பிறந்தவுடன் சீம்பால் குடிக்க விடுங்கள், மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போடுங்கள். இவை இல்லாமல் எந்தக் கலப்பும் பலன் தராது.

2020-இல் அசாமுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஏராளமான பன்றிகளைக் கொண்டுபோனது. அதற்கு இனபேதம் கிடையாது. கலப்புக்கு வித்தாகும் தூய நாட்டு மந்தைகள் அருகிவிட்டால் அடுத்த ராணியை எதிலிருந்து உருவாக்குவோம்? கலப்பினக் குட்டி வாங்க மானியம் கொடுக்கும் அரசுகள், குங்ரூவைக் கலக்காமல் வளர்க்கும் குடும்பத்துக்கும் அதே மானியத்தைக் கொடுக்க வேண்டும்.