மின்மூளையும் கணிப்பொறியும்
(கொல்லிமலை அன்பர்களிடையே ஆற்றிய உரை)



எழுபது கொண்டை வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய இம்மலையில், வல்வில் ஓரி ஆண்ட இம்மண்ணில், கடல்கடந்த ஓர் இல்லத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும். தன் வீட்டைப் பிறர் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கூரையில் உள்ள ஓட்டை தெரியும்.

தமிழ்ப்பெண் ஒருத்தி சிங்கையில் சீனர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எவரிடமும் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வீட்டிலிருந்தே வலைத்தளங்களை வடிவமைத்துக் கொடுத்து வாழ்கிறாள். இத்தகைய கலப்பு மணங்கள் சிங்கையிலும் மலேசியாவிலும் புதியன அல்ல. சீனர் வீட்டில் பிறந்த பெண்மகவுகள் பலரைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்ததும், அவர்கள் தமிழே பேசி வளர்ந்ததும் மலேயா நாட்டு வரலாறு. நம் நாட்டிலும் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து இங்குள்ள சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனருள் சிலர், விடுதலைக்குப் பின் நீலமலையில் நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடையே தங்கினர். தமிழ்ப்பெண்களை மணந்து, காய்கறியும் குளம்பியும் பயிரிட்டு, ஆவினம் வளர்த்து வாழ்ந்தனர். 1909-இல் வெளிவந்த தம் நூல் தொகுதியில் எட்கர் தர்சுட்டன் இதனைப் பதிந்துள்ளார்.

இனி அப்பெண்ணின் நாளைப் பார்ப்போம். சீனர் இல்லத்தில் உண்ண அமருமுன் இளையோர் மூத்தோரை ஒவ்வொருவராக முறைப்பெயர் சொல்லி அழைக்கவேண்டும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த மருமகள் இதில் திணறுவாள்; தமிழ்ப்பெண் திணறாள். அண்ணன் 'கேகே', தம்பி 'தீதீ'. அக்காளுக்கு ஒரு சொல், தங்கைக்கு வேறொரு சொல். பெரியப்பனும் சிற்றப்பனும் தாய்மாமனும் அங்கும் தனித்தனிப் பெயர் உடையர். மூவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது ஆங்கிலம். அந்த 'அங்கிளை'யே பெருமையெனக் கருதி நம் தெருக்களில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். முறைப்பெயரில் சீனர்க்கு நெருங்கிய நாம், ஆங்கிலர்க்கு ஏன் நெருங்கினோம்?

உணவு முடிந்து அவள் வேலைக்கு அமர்கிறாள். "மின்மூளையைத் திறந்துவிட்டாயா?" என்று மாமியார் சீனத்தில் கேட்கிறாள். கணிப்பொறிக்குச் சீனர் இட்ட பெயர் 'மின்மூளை'. தொலைபேசி அவர்க்கு 'மின்பேச்சு', திரைப்படம் 'மின்நிழல்', தொடர்வண்டி 'நெருப்பு வண்டி'. அவள் வடிவமைக்கும் இணையப் பக்கமும் 'வலைப்பக்கம்' என்றே பொருள்படும் சீனச் சொல்லால் வழங்குகிறது. எழுத்தறியாத கிழவியும் இச்சொற்களைக் கூச்சமின்றிச் சொல்கிறாள். சீனத்தில் ஒலிபெயர்ப்பே இல்லையென்று சொல்லிவிட முடியாது. குளம்பியை அவர்களும் 'காபெய்' என்பர். ஆயினும் அங்கே ஆக்கச் சொல் இயல்பு, கடன்சொல் விலக்கு. இங்கோ கடன்சொல் இயல்பாகி, 'கணிப்பொறி' என்பவன் நகைப்பிற்குரியவன் ஆகிறான். "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று அம்மாமியார் கேட்டால், 'கம்ப்யூட்டர்' என்றா அவள் விடை சொல்வது?

எழுத்து மிகுதி என்று சாக்குச் சொல்வோரும் உளர். ஒருங்குறியில் சீன எழுத்துருவங்கள் 90,000-க்கும் மேல் இடம்பெற்றுள்ளன. தமிழுக்கென 1991-இல் ஒதுக்கிய பகுதியோ 128 இடங்கள் கொண்டது. அவற்றிலும் பல நிரப்பப்படாதவை. உயிரும் மெய்யும் குறியும் சேர்ந்து அனைத்து எழுத்துகளும் அமைந்துவிடுகின்றன. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, சீனத்தின் அருகே தமிழும் நின்றது. தமிழை அங்கே ஏற்றப் பாடுபட்டவர் நா. கோவிந்தசாமி. அன்றே இயன்றது இன்று இயலாதா? கருவி தடையன்று, மனமே தடை.

அவள் வாழ்வில் பெரிய கேள்வி பிள்ளை வளர்ப்பில் எழுகிறது. சிங்கைப் பள்ளியில் 'தாய்மொழி' எனப்படுவது நெடுங்காலம் பெரும்பாலும் தந்தையின் இனத்தை ஒட்டியே அமைந்தது. 2011 முதல் பெற்றோர் இருவர் இனத்தையும் இணைத்துப் பதிய இடமுண்டு. எனினும் பதிவேடு மொழியைக் காக்காது. பாட்டி சீனத்தில் பேசுகிறாள். தாய் ஆங்கிலத்தில் பேசினால், பிள்ளைக்குச் சீனம் நிலைக்கும், தமிழ் நீங்கும். இதில் சீனரைக் குறைகூற ஏதுமில்லை. அவர் தம் மொழியைத் தம் வீட்டில் பேசினர், அவ்வளவே. தாய் தாலாட்டையும் கதையையும் கடிந்துரையையும் தமிழில் தந்தால், அப்பிள்ளை இருமொழிக்கும் உரியதாகும். குருதி மொழியைத் தருவதில்லை. தமிழர் வளர்த்த சீனப் பெண்மகவுகளே அதற்குச் சான்று.

கொல்லிமலை அன்பர்களே! உங்கள் மிளகும் பலாவும் குளம்பியும் சாமையும் தினையும் வலைத்தளம் வழியே ஊர்தோறும் செல்லும் காலம் இது. அத்தளத்தை வடிவமைக்க நகரத்திற்கு ஓடவேண்டியதில்லை. மின்னும் இணையமும் இருந்தால், இம்மலை இளைஞனே தன் வீட்டிலிருந்து செய்யலாம். செய்யும்போது சாமையைச் சாமை என்றே எழுதுங்கள். தினையைத் தினை என்றே எழுதுங்கள். விலைப்பட்டியலும் முகவரியும் முதலில் தமிழில் நிற்கட்டும்; பிறமொழி பின்னே வரட்டும். வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டிலும் தமிழைக் காக்க ஒருத்தியால் இயலுமென்றால், பிறந்த வீட்டிலிருக்கும் நம்மால் இயலாதா?

வாழ்க தமிழ்!