கண்ணாடியில் எழுதிய மொழி



கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றை மொழிச் சான்றுகளாகக் கொள்வது நமக்குப் பழக்கமானது. கண்ணாடியும் அத்தகைய சான்றாகும் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

இங்கிலாந்தின் யார்க் நகரில், வடக்குத் தெருவில், அனைத்துப் புனிதர்கள் ஆலயம் என்னும் பங்குக் கோவில் உள்ளது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுள் ஒன்று 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. உலகம் முடிவுறுவதற்கு முன் வரும் 15 நாள்களை 15 கட்டங்களில் அது காட்டுகிறது. முதல் நாளில் கடல் மலைகளுக்கும் மேலாக எழுகிறது. பின்னர் நிலம் நடுங்கிக் கட்டடங்கள் சரிகின்றன, மாந்தர் குழிகளில் ஒளிகின்றனர், விண்மீன்கள் உதிர்கின்றன, இறுதி நாளில் உலகைத் தீ சூழ்கிறது. அடிவரிசையில் கொடையளித்தோர் மண்டியிட்டு வேண்டுகின்றனர்.

ஒவ்வொரு கட்டத்தின் கீழும் எழுத்துகள் உள்ளன. அவை இலத்தீன் அல்ல, ஆங்கிலம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மனச்சான்றின் குத்தல்' என்னும் நெடும்பாடலைத் தழுவிய வரிகள் அவை. அப்பாடலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இன்றும் கிடைக்கின்றன. வழிபாடு இலத்தீனில் நிகழ்ந்த காலத்தில், காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுப்பொறியைக் கொணர்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, மக்கள்மொழி கோவிற் சாளரத்தில் இடம்பெற்றுவிட்டது. மொழி மாணவர்க்கு இஃது எளிய செய்தி அன்று.

ஆயினும், கண்ணாடியில் எழுதிய எழுத்து எளிதில் அழிவது. கண்ணாடித்தூளும் உலோக ஆக்சைடும் கலந்த கருவண்ணத்தால் எழுதிச் சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பது அக்கால முறை. நாளடைவில் ஈயம் தளர்கிறது. ஈரம் வண்ணத்தை அரிக்கிறது. பழைய பழுதுநீக்குநர் பலர் விரிசலின்மேல் புதிய ஈயப்பட்டை வைத்து எழுத்தை மறைத்தனர். இடைவெளியை வேறு சாளரத்தின் துண்டுகளால் அடைத்தனர்.

நாம் கூறும் சாளரமும் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் செப்பனிடப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் பார்த்து எழுதிவைத்த குறிப்புகள் அதன் பழைய அமைப்பை அறிய உதவின. படியெடுத்தோரின் உழைப்பு பிற்காலத்தார்க்கு எவ்வாறு பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

இக்காலப் பாதுகாப்பு நெறி வேறுபட்டது. இயன்றவரை குறைவாகத் தொடுதல், பின்னர் நீக்கக்கூடிய பொருளையே சேர்த்தல், செய்த ஒவ்வொன்றையும் பதிவுசெய்தல், வெளிப்புறத்தில் காப்புக் கண்ணாடி அமைத்தல் ஆகியன அதன் அடிப்படைகள். மூலம் எது, சேர்க்கை எது என்பது அறிந்தார்க்கு விளங்க வேண்டும்.

இந்நெறி மொழியியலார்க்கு ஏன் இன்றியமையாதது? 'ஷால்' என்று இன்றைய ஆங்கிலம் ஒலிக்கும் சொல்லை அக்கால வடபுல வழக்கு 'சால்' என்றது. சிதைந்த எழுத்தை நிரப்புவோர் 'பிழை திருத்துகிறோம்' எனக் கருதிப் பொதுவழக்கை எழுதிவிட்டால், சாளரம் அழகுறும். வட்டார மொழி மறைந்துவிடும். பிற்கால ஆய்வாளர் அப்பொய்யையே சான்றாகக் கொள்வர்.

நம் பதிப்பாசிரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடத்தில் எவரும் புதுப்பாடல் இயற்றிச் சேர்க்கவில்லை. எண்களை அப்படியே விட்டனர். அந்த வெற்றிடமும் நமக்கு ஒரு செய்தி கூறுகிறது.

ஆசிரியர்களே, தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சை மாணவர்கள் இன்று ஒலிப்பதிவு செய்து எழுதுகின்றனர். அவர்கள் சொன்ன வடிவத்தை எழுத்துத் தமிழாக மாற்றிவிடுவது பழுதுநீக்குநரின் பழைய பிழையே ஆகும். கேட்டதைக் கேட்டவாறு எழுதச் செய்யுங்கள். கேளாத இடத்தில் புள்ளியிடச் சொல்லுங்கள். விளக்கத்தைத் தனியே எழுதட்டும். அம்முதியோரிடம் மீண்டும் கேட்கும் வாய்ப்பு நமக்கு நெடுங்காலம் இராது.