பிள்ளைகள் தவறாகச் சொல்வது ஏன்?



பிள்ளைகளை நாம் உருவத்தில் சிறிய பெரியவர்களாகவே எண்ணிவிடுகிறோம். ஆகவேதான், நமக்கு எளிதாய்த் தோன்றுவது அவர்களுக்கு விளங்காதபோது 'மண்டு' என்கிறோம், 'அடம்' என்கிறோம், கையையும் ஓங்கிவிடுகிறோம். இது முறைதானா?

சுவிட்சர்லாந்தில் 1896-இல் பிறந்த உளவியல் அறிஞர் ழான் பியாஜே, இளமையில் பாரிஸ் நகரில் சிறுவர்களுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சீர்படுத்தும் பணியில் இருந்தார். அவர்களுடைய சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அவர் கருத்தைக் கவர்ந்தன. ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒரே வகைத் தவறுகளைச் செய்தார்கள். இது அறிவுக் குறைவன்று, அந்த வயதுக்குரிய சிந்தனை முறை என்று அவர் கண்டார்.

அவருடைய சோதனையொன்றை நம் அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு தம்ளர்களில் சமமாகப் பால் ஊற்றுவோம். இரண்டும் சமமே என்று ஐந்து வயதுப் பிள்ளை ஒப்புக்கொள்ளும். அதன் கண்முன்னே ஒரு தம்ளர்ப் பாலை ஒடுங்கி உயர்ந்த கண்ணாடிக் குவளைக்கு மாற்றுவோம். 'இதில்தான் அதிகம்' என்று பெரும்பாலும் சொல்லும். உயரம் கூடியதைக் காணும் பிள்ளை, அகலம் குறைந்ததைச் சேர்த்து எண்ணுவதில்லை. ஏறத்தாழ ஏழு வயதில் இது விளங்கிவிடுகிறது. அதுவரை, 'தம்பிக்கு மட்டும் அதிகமா?' என்று அழுவதைப் பேராசை என்று நாம் தண்டிக்கலாமா?

பியாஜே சொன்னதே முடிந்த முடிபுமன்று. 1970-களில் எடின்பரோ பல்கலைக்கழகத்து மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மக்காரிகிளும், சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக வில்லைகளை வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பெரியவர் ஒரு வரிசையை மாற்றியபோது தவறாகச் சொன்னவர்களில் பலர், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை கலைத்தபோது சரியாகவே சொன்னார்கள்! பெரியவரே மாற்றிவிட்டு மறுபடியும் கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை எண்ணக்கூடும். அதட்டி அதட்டிக் கேட்கும் நம் கேள்வியே தடுமாறச் செய்யலாம் அல்லவா?

அதே 1896-இல் பிறந்த ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி நமக்கு வழி காட்டுகிறார். பிள்ளை தனியே செய்ய முடியாததை, அறிந்தவர் துணையோடு செய்ய முடியும். கற்பித்தல் நிகழவேண்டிய இடம் அதுவே என்றார் அவர்.

ஆகவே, இன்றிரவு கணக்குத் தவறினால் பிரம்பைத் தேடாமல், 'எப்படிப் போட்டாய், சொல்லு கண்ணு' என்று கேட்போம். அருகில் அமர்ந்து ஒரு படி மட்டும் எடுத்துக் கொடுப்போம். அடுத்த படியைப் பிள்ளையே ஏறும்.