பிட் சுவரில் தவறி விழுந்தவர்: நரேன் கார்த்திகேயனும் என் மூட்டு ஜவ்வும்

 

எனக்கு ஊர் தென்னேரி. வாலாஜாபாத் பக்கம், பெரிய ஏரி இருக்கிற ஊர். எங்க ஊர்ல இருந்து சுங்குவார்சத்திரம் போய் பெங்களூர் ஹைவே ஏறினா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை. அங்க ஒரு ரேஸ் டிராக் இருக்கு. சென்னையில இருக்கிற பல பேருக்கு அது ஹைவேல கடந்துபோற ஒரு போர்டு, அவ்வளவுதான். கோயம்புத்தூர்ல இருந்து வந்த நரேன் கார்த்திகேயன் தன்னோட முதல் ரேஸை ஓட்டினது அந்த டிராக்லதான். ஃபார்முலா மாருதி, வயசு 15. முதல் மூணு பேர்ல ஒருத்தரா வந்தார்.

அவரைப் பத்தி இன்னிக்கு ஏன் பேசறேன்னா, மூணு வருஷம் முன்னாடி கபடியில என் இடது மூட்டு ஜவ்வு கிழிஞ்சுது. ரைடு போய்த் திரும்பும்போது கால் மட்டும் அங்கயே நின்னுடுச்சு, உடம்பு திரும்பிடுச்சு. படுத்துக் கிடந்த மாசங்கள்ல, அடிபட்ட விளையாட்டு வீரர்களைப் பத்தின வீடியோவா பார்த்துத் தள்ளினேன். எல்லாத்துலயும் ஒரே பின்னணி இசை, ஒரே அழுகை, கடைசியில ஒரு கோப்பை. அப்பதான் நரேனோட 2009 லே மான்ஸ் கதை கிடைச்சுது. அதுல கோப்பை இல்லை.

லே மான்ஸ்னா பிரான்ஸ்ல நடக்கிற 24 மணி நேர ரேஸ். ஒரு காரை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டணும். நரேனுக்கு ஆடி கார் கிடைச்சிருந்தது. ரேஸ் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பிட் சுவர்ல இருந்து இறங்கும்போது தவறி விழுந்தார். தோள்பட்டை இறங்கிப்போச்சு, காருக்குள்ள ஏறவே முடியல. மத்த ரெண்டு பேரும் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு ஓட்டி, ஏழாவது இடத்துக்கு வந்தாங்க. இதே மனுஷன் 2005ல ஷாங்காய் எஃப் ஒன் ரேஸ்ல காரைச் சுவத்துல மோதி நொறுக்கிட்டு அடிபடாம எழுந்து வந்தவர். அத்தனை வேகத்துல ஒண்ணும் ஆகல, ஒரு குட்டிச்சுவர் கவுத்துடுச்சு. எனக்கு அதைப் படிச்சப்ப சிரிப்பு வந்துது. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் முதல் தடவையா சிரிச்சது அன்னிக்குத்தான்.

ஆனா தோள்பட்டை சரியாகிற சமாச்சாரம். சீட்டு போறதுதான் பெரிய அடி. 2005ல ஜோர்டான் டீம்ல சேர்ந்து எஃப் ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். இண்டியானாபோலிஸ்ல டயர் பிரச்சினையால ஆறு கார் மட்டும் ஓடின ரேஸ்ல நாலாவது இடம், அஞ்சு பாயிண்ட். அடுத்த வருஷம் ரேஸ் சீட்டு இல்லை, டெஸ்ட் டிரைவர் வேலைதான். 2011ல ஹெச்ஆர்டி டீம்ல திரும்ப ஒரு சீட்டு கிடைச்சுது. பாதி சீசன்ல அதை டேனியல் ரிக்கார்டோகிட்ட கொடுத்துட்டாங்க. அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவுல நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரிக்ஸுக்காக மட்டும் கூப்பிட்டாங்க. போனார், ஓட்டினார், ரேஸை முடிச்சார். அடுத்த வருஷக் கடைசியில டீமே மூடிட்டாங்க.

வேற யாரா இருந்தாலும் டிவி ஸ்டுடியோவுல போய் உட்கார்ந்திருப்பாங்க. தப்பு ஒண்ணும் இல்லை, அதுவும் வேலைதான். இவர் ஜப்பான் போனார். 2014ல இருந்து அங்க சூப்பர் ஃபார்முலா, அப்புறம் சூப்பர் ஜிடி. 2019 நவம்பர்ல ஃபுஜியில நடந்த டிடிஎம், சூப்பர் ஜிடி கூட்டு ரேஸ்ல ஜெயிச்சப்ப வயசு 42.

மறு வருஷம், 2020ல, கோயம்புத்தூர்ல டிரைவ்எக்ஸ்னு ஒரு கம்பெனி தொடங்கினார். வேலை என்ன தெரியுமா? செகண்ட் ஹேண்ட் டூவீலர். பழைய வண்டியை வாங்கி, சரிபண்ணி, விக்கிறது. எஃப் ஒன் ஓட்டினவர் பழைய ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும் விக்கிறாரான்னு நகரத்துப் பிள்ளைங்க சிரிக்கலாம். எங்க ஊர்ல யாரும் சிரிக்க மாட்டாங்க. ஒரகடத்துல ஷிஃப்ட் வேலைக்குப் போற பையனுக்கு முதல் சம்பளத்துல வர்றதே பழைய வண்டிதான். ஷோரூம் வண்டிக்கு வாரண்டி உண்டு. பழைய வண்டிக்கு புரோக்கரோட வாய் வார்த்தை மட்டும்தான். அந்தச் சந்தையில நம்பிக்கைக்கு விலை இருக்குன்னு அவர் பார்த்திருக்கார். 2022ல டிவிஎஸ் மோட்டார் சுமார் 85 கோடி ரூபாய்க்கு அந்தக் கம்பெனியில 48 சதவீதப் பங்கு வாங்கினாங்க.

இங்க ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். அவரும் நானும் ஒண்ணு இல்லை. அவரோட அப்பா ராலி சாம்பியன், வீட்டுல கார் இருந்தது, காசு இருந்தது. என் அப்பா ஏரிப் பாசனத்துல நெல் போடறவர். "நரேனால முடிஞ்சது உன்னாலயும் முடியும்"னு யாராவது சொன்னா எனக்குக் கோபம்தான் வரும். ஆனா ஒண்ணை அவர்கிட்ட இருந்து எடுத்துக்க முடிஞ்சுது. ரேஸ் டிரைவரோட பாதி வேலை, ஓட்டிட்டு வந்து வண்டி எங்க எப்படி நடந்துக்குதுன்னு இன்ஜினியர்கிட்ட சரியா சொல்றது. அந்த அறிவு சீட்டோட போறதில்லை. எனக்கும் அப்படி எதாவது மிச்சம் இருக்கான்னு தேடினேன்.

மச்சானோட மெக்கானிக் ஷெட்ல உட்கார ஆரம்பிச்சேன். கபடியில எதிராளியோட காலைப் பார்த்தே எந்தப் பக்கம் பாய்வான்னு தெரியும். ஷெட்ல விக்க வர்றவன் முகத்தைப் பார்ப்பேன். நல்லாத்தான் பார்க்கிறேன்னு நினைச்சுக்கிட்டேன். சேத்து வச்ச நாப்பதாயிரத்துல ரெண்டு வண்டி எடுத்தேன். ஒண்ணு வித்துப்போச்சு. இன்னொண்ணுக்கு ஆர்சியில ஃபைனான்ஸ் கடன் அப்படியே நின்னுது. வித்தவர் போன் எடுக்கல. பதினெட்டாயிரம் போச்சு. முகத்தை மட்டும் பார்த்த முட்டாள்தனம், புக்கைப் பார்க்கல. அம்மாகிட்ட சொல்ல ரெண்டு வாரம் ஆச்சு. மூட்டு போனப்பகூட அவங்ககிட்ட சொல்ல இவ்வளவு தயங்கல.

இப்ப ஆர்சி நம்பரைப் போட்டு கடன், இன்சூரன்ஸ் ரெண்டையும் பார்த்த பிறகுதான் வண்டிகிட்டயே போறேன். அதுக்கப்புறம் இன்ஜின் சத்தம், அதுக்கும் அப்புறம் முகம். மாசம் மூணு நாலு வண்டி போகுது. பொங்கலுக்கு ஊர்ல கபடி நடந்தப்ப மூணு வருஷத்துல முதல் தடவையா மைதானத்துக்குப் போனேன். கோட்டுக்கு வெளியதான் நின்னேன். மேட்ச் முடிஞ்சதும் எங்க டீம் ரைடர் பையன் வந்து, "அண்ணே, ஒரு வண்டி வேணும், முப்பதுக்குள்ள இருக்குமா?"ன்னு கேட்டான். அவன் முழங்கால்ல கட்டு போட்டிருந்தான். வண்டியை விட்டுட்டு முதல்ல அதைத்தான் விசாரிச்சேன்.