அழித்துக் கொடுப்போம், அச்சமின்றிக் கொடுப்போம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் நீட்டி முழக்கக் கூடாது. ஆகவே ஒரே ஒரு விஷயம்தான் பேசப்போகிறேன். பழைய கம்ப்யூட்டரை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன், அதில் உள்ள நம் சொந்த விவரங்களை முறையாக அழிப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத எத்தனையோ நல்ல கணினிகள் இப்போது பரணில் கிடக்கின்றன. லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் ஒரு கிராமப் பள்ளியிலோ, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் ஒரு பிள்ளையின் மேசையிலோ அவை இன்னும் சில வருஷம் உழைக்கும். ஆனால் கேட்டுப் பாருங்கள். "கொடுக்கலாம்தான் சார், உள்ளே பேங்க் விவரம், போட்டோ எல்லாம் இருக்கே" என்று சிலர் இழுப்பார்கள். வேறு சிலர், "எல்லாம் டிலீட் பண்ணியாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். முதல் வகையினரின் பயம் நியாயமானது. இரண்டாம் வகையினரின் தைரியம்தான் ஆபத்தானது.

டிலீட் செய்தால் என்ன நடக்கிறது? நம் நூலகத்தில் இருந்த அட்டைப் பெட்டிகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு புத்தகத்தின் அட்டையை உருவி எறிந்துவிட்டால் புத்தகம் எங்கே போகும்? அலமாரியில் அப்படியே நிற்கும். டிலீட் செய்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும் அதுபோலத்தான். குவிக் ஃபார்மட் என்பது அட்டைப் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி வைப்பது. அலமாரி பக்கம் நடந்து போகத் தெரிந்தவருக்குப் புத்தகங்கள் கிடைத்துவிடும். அப்படி நடந்து போவதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் இருவரும் பழைய சாமான் சந்தையில் 158 ஹார்டு டிஸ்குகளை வாங்கிச் சோதித்தார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. 2003-இல் இதை வெளியிட்டார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். மார்கன் ஸ்டான்லி நிறுவனம் தன் பழைய கருவிகளை அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் விட்டது. வாடிக்கையாளர் விவரங்களோடு சில கருவிகள் இணைய ஏலத்துக்கே போய்விட்டன. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த அபராதம் மூன்றரைக் கோடி டாலர்.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வேண்டியதை எடுத்து வையுங்கள். முறையாக அழித்தது திரும்பி வராது. மறைந்த அப்பாவின் குரல், குழந்தையின் முதல் அடி, இதெல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான் இருக்கும். இரண்டு இடத்தில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. அதன்பின் மின்னஞ்சல், வாட்ஸ்அப், பிரவுசர் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.

இரண்டாவது, உள்ளே இருப்பது எந்த வகை என்று பாருங்கள். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் என்றால், முழுவதும் ஒருமுறை பூஜ்ஜியங்களால் மேலெழுதினாலே போதும். விண்டோஸ் விஸ்டா காலம் முதல் 'ஃபுல் ஃபார்மட்' அதைத்தான் செய்கிறது. 35 முறை எழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பலவகை வட்டுகளுக்கும் சேர்த்துச் சொன்னது அது. இன்றைய வட்டுகளுக்கு அது வேண்டியதில்லை என்று அவரே பின்னால் எழுதிவிட்டார்.

எஸ்.எஸ்.டி. என்றால் விஷயம் வேறு. அதன் உள்ளே ஒரு ஹாஸ்டல் வார்டன் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் அறையில் இருப்பவரை எழுப்பிவிட்டுப் புது ஆளைப் போடுங்கள் என்று நீங்கள் சொன்னால், அவர் புது ஆளை 27-ஆம் அறைக்கு அனுப்பிவிட்டுக் கணக்கில் மட்டும் 10 என்று எழுதிக்கொள்வார். பழைய ஆள் அங்கேயே தூங்கிக்கொண்டிருப்பார்! எல்லா அறைகளும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே மேலெழுதுவதை மட்டும் நம்பாமல், எல்லா அறைகளையும் காலி செய்யும்படி வார்டனுக்கே உத்தரவு போட வேண்டும். அதுதான் 'செக்யூர் எரேஸ்'. டிஸ்க் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ, பல கணினிகளில் பயாஸிலோ அது இருக்கும்.

இதைவிடச் சுலபம், முதல் நாளே டிஸ்கைப் பூட்டிவிடுவது. விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். எல்லாம் மறைகுறியாக்கித்தான் எழுதப்படும். கொடுக்கும் நாளில் சாவியை அழித்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. மாணவர்களே, உங்கள் புது லேப்டாப்பில் இன்றைக்கே இதைப் பாருங்கள்.

வீட்டு விண்டோஸ் கணினிக்கு ஒரு எளிய வழி: ரெக்கவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பி.சி.', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்', பிறகு 'கிளீன் டேட்டா'. ஒரு எச்சரிக்கை. நம்மவர்கள் முக்கியமானதையெல்லாம் டி டிரைவில்தான் வைப்போம். 'எல்லா டிரைவும்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் சி மட்டும் துடைக்கப்பட்டு, டி பத்திரமாக அடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

"இவ்வளவு எதுக்கு? சுத்தியலால ஒரே போடு போட்டுடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். பழுதாகி இயங்காத டிஸ்குக்கு அதுவே சரியான வழி. கழற்றி, உடைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடலாம். நன்றாக ஓடும் டிஸ்கை உடைத்துவிட்டுக் கணினியை மட்டும் பள்ளிக்கு அனுப்பினால், தலைமையாசிரியர் டிஸ்க் வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்?

கடைசியாக, என் மனதுக்கு முக்கியமான ஒன்று. நம் கணினியில் இருப்பது நம் விவரம் மட்டுமா? நம்மில் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், டாக்டர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள். கட்சிக்காரரின் பத்திரம், மாணவியின் மதிப்பெண், யாரோ ஒரு பெண்ணின் ஜாதகமும் புகைப்படமும், இவையெல்லாம் நம்மை நம்பிக் கொடுத்தவை. "என் கிட்டே என்ன ரகசியம் இருக்கு" என்று நம் பங்கை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம். அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

தம்பி தங்கைகளே, இந்த வேலையில் நீங்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். அடுத்த சந்திப்பில் ஒரு மேசை போடுங்கள். நாங்கள் பழைய கணினிகளைக் கொண்டு வருகிறோம். எங்கள் கண்ணெதிரே துடைத்து, தேதி போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். துடைத்தபின் மீட்கும் மென்பொருளை ஓட்டி, ஏதும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். எவருடைய கோப்பாவது கண்ணில் பட்டால் திறந்து பார்க்காமல் அழித்துவிடுங்கள். அந்த நாணயம் உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால், பரணில் இருக்கும் பெட்டிகள் தாமாகவே இறங்கி வரும்.